குதிரைக்கு ஏற்ற ஈ வலை
பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் டுரியான் பழக் காலம் வந்தால் ஈத்தொல்லையும் கூடவே வரும். எங்கள் லாயத்து ராணியின் கண்ணோர ஈரத்தைக் குடிக்கவே ஈக்கள் மொய்க்கும். வலை முகமூடி மாட்டினால் தூணில் உரசிக் கழற்றிவிடுவாள்.

"அவளுக்குத் திமிர், அண்ணே" என்றான் குதிரை பார்க்கும் தம்பி. திமிரா? வலையின் உட்புறத்தில் இமைமயிர் உரசிய இடம் மட்டும் அழுக்கேறியிருந்தது. கன்ன எலும்பின் மேல் மயிர் தேய்ந்து, தோல் சிவந்திருந்தது.

புதிது வாங்கும்போது விலையையும் நிறத்தையும் விட்டுவிட்டுக் கண் பகுதியைத்தான் பார்த்தேன். தையல் மடிப்பு வைத்து, கிண்ணம் போல் வெளியே புடைத்திருக்க வேண்டும். இமை வலையைத் தொடவே கூடாது. தொளதொளத்த வலை அப்படி நிற்காது, விறைப்பானதுதான் நிற்கும். விளிம்புக்கு மென்துணி அவசியம். தடித்த கம்பளி விளிம்பைக் கடைக்காரர் புகழ்ந்தார். நம் புழுக்கத்தில் அது வியர்வை குடித்து நாறும் என்று மெல்லியதையே எடுத்தேன். தாடைப் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையும்படி ஒட்டுப்பட்டையை ஒட்டினோம். காது உறை ராணிக்குப் பிடிக்காது, வேண்டாம் என்றேன்.

உரசல் நின்றது, கன்னத்தில் மயிரும் முளைத்துவிட்டது. ஒன்று துவைத்துக் காயும்போது மாட்ட இன்னொன்று உண்டு. இருட்டியதும் கழற்றிவிடுகிறோம், இரவில் வலை பார்வையைக் குறைக்கும்.