நிதியும் பொருளியலும்: இளங்கலையில் கைக்கு வரவேண்டிய கணக்குகள்

முதல் பருவத்திலேயே கைக்கு வந்துவிட வேண்டியது பணத்தின் காலமதிப்பு, அதாவது பின்னால் வரும் பணம் இன்று எவ்வளவுக்குச் சமம் என்ற கணக்கு. பின்னால் வரும் கடன் பத்திரம், பங்கு மதிப்பீடு, திட்ட மதிப்பீடு எல்லாம் இதே கணக்கு வேறு வேடத்தில் வருவதுதான். கால்குலேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்று போட்டுப் பாருங்கள்.

இன்று 1,000 முதலீடு. அடுத்த 3 ஆண்டுகளும் ஆண்டு முடிவில் 400 வரும். பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 10%. மூன்று 400-களையும் முறையே 1.1, 1.21, 1.331 ஆல் வகுத்து, தசமங்களை வெட்டாமல் கூட்டினால் 994.74. முதலீட்டைக் கழித்தால் நிகர தற்போதைய மதிப்பு −5.26, திட்டம் வேண்டாம். விகிதத்தை 9% ஆக்கினால் அதே திட்டம் +12.52 காட்டும். ஒரே ஒரு சதவீதப் புள்ளி முடிவையே புரட்டிப் போடுகிறது. அதனால் விடை எழுதும்போது அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

இதையே எக்செல்லில் போடும்போது பலரும் வழுக்குவார்கள். நிகர தற்போதைய மதிப்பைக் கணக்கிடும் அதன் என்பிவி (NPV) சார்பு, முதலில் கொடுக்கும் தொகையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். −1,000-ஐயும் உள்ளே போட்டால் −4.78 வரும், பார்க்கச் சரிபோலவே இருக்கும். முதலீட்டை அடைப்புக்கு வெளியே தனியாகக் கழிக்க வேண்டும்.

வட்டியிலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மாதம் 1% என்றால் ஆண்டுக்கு 12% அல்ல, கூட்டுவட்டியில் 12.68%. பெயரளவு வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் உண்மை வட்டி என்பதும் தோராயம்தான். வட்டி 8%, பணவீக்கம் 6% என்றால் 1.08-ஐ 1.06 ஆல் வகுக்க வேண்டும்: 1.89%. எண்கள் சிறியவையாக இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது; 50%, 40% போட்டுப் பாருங்கள், கழித்தால் 10, வகுத்தால் 7.14.

பொருளியலில் படத்தைப் பார்த்துப் படிப்பது போதாது, வெற்றுத்தாளில் வரைய வேண்டும். விலை மாறினால், எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோட்டின் மீதே நகர்வு. வருமானமோ மாற்றுப்பொருளின் விலையோ மாறினால் கோடே இடம்பெயரும். இதைக் குழப்பினால் அதன்பின் எழுதும் எதுவும் ஒட்டாது. கணிதப் பழக்கத்துக்கு மாறாக இங்கே விலை செங்குத்து அச்சில் நிற்கும். பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்து வழக்கம் இன்னும் விடவில்லை. ஆகவே சமன்பாட்டில் உள்ள சரிவும் படத்தில் தெரியும் சரிவும் ஒன்றல்ல. அளவு = 100 − 2 × விலை என்றால் படத்தில் சரிவு −½.

சரிவை நெகிழ்ச்சி (விலை 1% மாறினால் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பது) என்று நினைப்பது அடுத்த தவறு. இதே கோட்டில் விலை 10 ஆக இருக்கும்போது அளவு 80, நெகிழ்ச்சி −0.25. விலை 40-இல் அளவு 20, நெகிழ்ச்சி −4. கோடு ஒன்றுதான், விலையேற்றம் முதல் இடத்தில் வருவாயைக் கூட்டும், இரண்டாவதில் குறைக்கும்.

கணிதத்தில் வகையீடு, பகுதி வகையீடு, மடக்கை, லாக்ரேஞ்ச் முறை (ஒரு கட்டுப்பாட்டுக்குள் உச்சம், நீசம் காண்பது) இருந்தால் இளங்கலையின் பெரும்பகுதி ஓடிவிடும். புள்ளியியலைத்தான் கடைசிவரை தள்ளிப்போடுவார்கள், அதைத் தள்ளாதீர்கள்.

பயிற்சிக் கணக்கு வராவிட்டால் 20 நிமிடம் முட்டிப் பாருங்கள், பிறகு விடையைப் பாருங்கள். மறுநாள் விடையை மூடிவைத்துவிட்டு அதே கணக்கை முதலிலிருந்து போடுங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ, அந்த வரிக்கான பாடத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.