மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருபவரை எப்படி வைத்துக்கொள்வது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு தையல் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள், துணி ஓரத்தை வெட்டித் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் அக்கா என் முன்னால் கையை நீட்டினார், விரல்கள் லேசாக நடுங்கின. "பைபோலாருக்கு லித்தியம் போடுறேன், அதான் இது. குடிச்சிட்டு வர்றேன்னு நினைச்சுடாதீங்க தம்பி" என்றார். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பைபோலார் என்பது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய், லித்தியம் அதற்கான மருந்து.

உங்களிடமும் யாராவது இப்படி வந்து சொன்னால், முதலில் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொல்லுங்கள். எப்படி வந்தது, யாருக்கெல்லாம் இருக்கிறது என்ற விசாரணை வேண்டாம். கோவிலுக்குப் போய்ப் பாருங்கள் என்ற யோசனையும் வேண்டாம், அதை மாமியார் ஏற்கனவே சொல்லியிருப்பார். வேலையில் எது சிரமம், எந்த நேரத்தில் சிரமம், அவ்வளவு கேட்டால் போதும்.

அக்காவுக்கு ராத்திரி மாத்திரையின் மந்தம் காலையில் தெளிவதில்லை, அதனால் 7 மணிக்குப் பதில் 8:30க்கு வந்து சாயங்காலம் அதை ஈடுகட்டச் சொன்னேன். ஓவர்லாக்கில் கத்தி ஓடும், நடுங்கும் விரலுக்கு அது ஆகாது, நேர்த்தையலுக்கு மாற்றினேன். பெரிய விஷயம் தண்ணீர்தான். துணிப் பக்கத்தில் பாட்டில் வைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம், ஆனால் லித்தியம் எடுப்பவர் பிப்ரவரி வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் வியர்த்துக்கொண்டே இருந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடலாம். சட்டத்தை நான்தானே போட்டேன், நானே எடுத்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை நாளில் காலை லீவு. கிறிஸ்துமஸ் ஆர்டர் நேரத்து இரவு ஷிப்டும் கிடையாது, ஏனென்றால் தூக்கம் கெட்டாலே இந்த நோய் கிளம்பிவிடலாம். சூப்பர்வைசருக்கு நேரம் மாறியது மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது.

இதெல்லாம் தர்மம் இல்லை, சட்டம். நீண்டகாலமாக இருக்கிற அல்லது திரும்பத் திரும்ப வருகிற மனநோய் ஒருவருடைய வேலை வாய்ப்பைப் பெரிதாகக் கட்டுப்படுத்தக்கூடும் என்றால், 1998-ன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி அது ஊனமுற்றோர் கணக்கில் வரும். நியாயமான வசதி செய்து கொடுப்பது முதலாளி கடமை, தாங்க முடியாத சுமை என்று காட்டினால் ஒழிய. சிக் லீவு 36 மாதத்துக்கு 6 வார வேலை நாட்கள், அதாவது வாரம் 5 நாள் வேலை என்றால் 30 நாள். வசதி எதையும் செய்து பார்க்காமல் ஆளை அனுப்பினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏ என்ற தொழில் தகராறு தீர்க்கும் அமைப்பில் அவர் புகார் கொடுக்கலாம், அப்புறம் லாயர் செலவைக் கணக்குப் பாருங்கள்.

ஒத்துக்கொண்டதை எழுதி வைத்து, மாதம் ஒருதடவை சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். தையல் கோணலாகப் போனால் மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே அவரிடமும் சொல்லலாம், பாவம் பார்க்க வேண்டாம்.

கடைசியாக, அவர் நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: முடியாமல் போகிறது என்பது எப்படித் தெரியும், யாரைக் கூப்பிட வேண்டும்? அக்கா சொன்னது, "நான் மூச்சு விடாம பேச ஆரம்பிச்சா தங்கச்சிக்கு போன் பண்ணுங்க." அந்த நம்பர் என் மேஜை டிராயரில் இருக்கிறது. இதுவரை ஒருதடவைதான் அழைத்தேன். தங்கை வந்து கூட்டிப்போனார், பத்து நாள் கழித்து அக்கா திரும்பி வந்ததும் தன் மெஷின் நூலை எவரோ மாற்றிவிட்டார் என்று சண்டை பிடித்தார்.