செப்டம்பரில் அபிஸ்கோ: குழந்தைகளோடு டென்ட் போட்டுத் துருவ ஒளியைப் படம் எடுக்கலாம்

துருவ ஒளி (துருவப் பகுதிகளின் இரவு வானில் ஆடும் வண்ண ஒளி, அதாவது அரோரா) என்றாலே உறைபனியும் மைனஸ் 25 டிகிரியும்தான் நினைவுக்கு வரும். அதனாலேயே பலர் குழந்தைகளை அழைத்துப் போவதில்லை. ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி சுமார் 200 கி.மீ. தூரத்தில் இருக்கும் அபிஸ்கோவுக்குச் செப்டம்பரில் போய்ப் பாருங்கள். கோடையில் அங்கே சூரியன் மறையாது, அதனால் ஒளி வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. செப்டம்பரில் இருட்டு திரும்பிவிடும். ஆனால் அங்கே உள்ள டோர்னெத்ரஸ்க் ஏரி இன்னும் உறைந்திருக்காது. வானத்தில் ஆடும் பச்சை, தண்ணீரிலும் ஆடும். நடுக்குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

1. இடம்

வட ஸ்வீடன் நகரமான கிருணாவிலிருந்து ரயிலிலேயே போய் 'அபிஸ்கோ டூரிஸ்ட்ஸ்டேஷன்' நிறுத்தத்தில் இறங்கலாம். அபிஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் போட அனுமதி இல்லை, குறித்த இடங்களில்தான் போடலாம். சின்னக் குழந்தைகள் இருந்தால் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே உள்ள முகாம் இடம் போதும். இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகும் என்பதால் அதைத் தாங்கும் தூக்கப்பையும் தடிமனான தரைவிரிப்பும் ஆளுக்கொன்று வேண்டும். டென்டுக்குள் அடுப்பு மட்டும் பற்றவைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

2. வானிலை

துருவ ஒளி முன்னறிவிப்புகளில் வரும் கேபி எண்ணை (பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை 0 முதல் 9 வரை சொல்லும் அளவு) பார்த்துக் கவலைப்பட வேண்டாம். துருவத்தைச் சுற்றி ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு அடியிலேயே அபிஸ்கோ இருப்பதால் 1, 2 என்று இருந்தாலும் ஒளி தெரிய வாய்ப்பு உண்டு. பார்க்க வேண்டியது மேகம்தான். நார்வே எல்லை மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் ஸ்வீடனிலேயே மழை குறைந்த இடங்களில் இது ஒன்று. இருந்தாலும் இரண்டு மூன்று இரவுகளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. வெளிச்சம் இருக்கும்போதே

புதியவர்கள் அவசியம் செய்ய வேண்டியது இது. பகலிலேயே ஏரிக்கரைக்குப் போய் கேமரா முக்காலி நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். ஏரி வடக்கே இருக்கிறது. ஒளியும் பெரும்பாலும் வடக்கில் ஒரு வில்லாகத்தான் ஆரம்பிக்கும், அப்புறம் தலைக்கு மேலே வரும். தென்கிழக்கே லாப்போர்ட்டென் மலைகளின் வளைந்த பள்ளத்தாக்கையும் பார்த்து வையுங்கள். குழந்தைகளைச் சீக்கிரம் சாப்பிடவைத்து, நாளைக்குப் போடும் கம்பளி உடையிலேயே தூங்கவைத்தால், பத்து மணிக்கு மேல் எழுப்பும்போது அழுகை இருக்காது.

4. கேமரா

மேனுவல் மோடு, அகலமான லென்ஸ், 'ரா' ஃபைல் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைக்கும் வடிவம்). லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 8 விநாடி என்று ஆரம்பியுங்கள். ஒளி மெதுவாக நகர்ந்தால் இதுவே போதும். வேகமாக ஆட ஆரம்பித்தால் 2 அல்லது 3 விநாடிக்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 3200 ஆக்குங்கள். இல்லாவிட்டால் திரைச்சீலையின் மடிப்பு போன்ற கோடுகள் எல்லாம் கலந்து வெறும் பச்சைப் புகையாகிவிடும்.

ஃபோகஸ்தான் பலருக்குச் சறுக்கும் இடம். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். பிறகு வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்து, 2 விநாடி டைமரில் எடுங்கள். மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும், குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

5. குடும்பப் படம்

டென்டுக்குள் சின்ன டார்ச் ஒன்றைத் துணியால் மூடி வையுங்கள். நேரடி வெளிச்சம் டென்டை வெள்ளையாக எரித்துவிடும். எல்லோரையும் உட்காரவையுங்கள், நின்றால் ஆடுவார்கள். ஷட்டரை 3 விநாடியில் வைத்து, குழந்தைகளையே சத்தமாக எண்ணச் சொன்னால் அசையாமல் இருப்பார்கள். மற்ற நேரத்தில் சிவப்பு வெளிச்சம் மட்டும் போதும், கண் இருட்டுக்குப் பழகியே இருக்கும்.

முடிந்ததும் கேமராவை வெளியிலேயே பைக்குள் போட்டு, ஜிப்பை மூடிய பிறகு உள்ளே கொண்டுபோங்கள். டென்டுக்குள் இருக்கும் மூச்சின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் படிந்துவிடும். காலைவரை அந்தப் பையைத் திறக்க வேண்டாம்.