உடல் வளைய யோகாவா, ஸ்ட்ரெச்சிங்கா?

தொடையின் பின்தசை இளக வேண்டுமென்றால் கால் நீட்டி உட்கார்ந்து முன்குனியும் பச்சிமோத்தாசனமும் சாதாரண ஸ்ட்ரெச்சிங்கும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு தசைக்கு 30 விநாடி, இரண்டு முறை, வாரத்தில் மூன்று நாளாவது பிடிக்க வேண்டும். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு 12 வார யோகா வகுப்பும் ஸ்ட்ரெச்சிங் வகுப்பும் கிட்டத்தட்ட சமமான பலனே தந்தன. ஆனாலும் நேரம் குறைவானவர்களுக்கு யோகாவே நல்லது: சூரிய நமஸ்காரத்தில் தோள், முதுகு, கெண்டைக்கால் எல்லாம் ஒரே சுற்றில் வந்துவிடும், கைகளுக்குப் பலமும் கூடும்.

முதலில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடலைச் சூடாக்குங்கள். பிறகு மடித்த ஜமக்காளத்தின் விளிம்பில் கால் நீட்டி உட்காருங்கள். இந்த உயரத்தைத் தவிர்க்காதீர்கள். இடுப்பெலும்பு முன்னால் சாய இதுதான் வழிவிடும். பாதத்தில் துண்டைக் கோத்து, முதுகை நிமிர்த்தி, இடுப்பிலிருந்து குனியுங்கள்.

தலையை முட்டியில் தொடவைக்கும் ஆசைதான் கெடுக்கிறது. முதுகு கூனியதும் இழுப்பு தொடையை விட்டுக் கீழ்முதுகுக்குப் போய்விடும். முட்டி சற்று மடங்கட்டும், பரவாயில்லை. ஆட்டி ஆட்டிக் குனியாதீர்கள். முட்டிக்குப் பின்னால் சுரீரென்றோ மரத்தோ இருந்தால் நரம்பு இழுபடுகிறது, உடனே தளர்த்துங்கள்.

சென்னை வியர்வையில் யோகா பாய் வழுக்கும். மேலே பருத்தித் துண்டு விரியுங்கள். பெசன்ட் நகர் மணலில் உட்கார்ந்து செய்பவை சரி, ஒற்றைக்காலில் நிற்பவை கணுக்காலைப் பிசகவைக்கும். டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்காமல் முன்குனிவதைத் தொடங்க வேண்டாம்.