கழுவிய பிலிமைக் காயப்போடும்போது கெடுப்பது எப்படி

முதல் ரோலை வீட்டிலேயே டெவலப் செய்தது ஓர் ஆடி மாதம். பாளையங்கோட்டை வீட்டு மொட்டை மாடிக் கொடியில், துணிக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டேன். "கூழ்வத்தலே காயுத வெயிலு, இது காயாதாக்கும்?" என்றாள் ஆச்சி. காய்ந்தது, அரை மணி நேரத்தில். ஆனால் மேற்கு மலைக் கணவாய் வழியாக வந்த காற்று அதைக் கைப்பிடிச் சுவரில் அடித்து அடித்து, தெருப் புழுதி மொத்தத்தையும் அதில் அப்பிவிட்டுப் போயிருந்தது.

ஈர பிலிமின் மேல் இருப்பது ஊறிப்போன ஜெலட்டின். அந்த நேரத்தில் ஒட்டும் தூசி காய்ந்ததும் உள்ளேயே புதைந்துவிடும். பிறகு பிரஷ்ஷால் தட்டினாலும் வராது. ஆகவே மாடி வேண்டாம், சீலிங் ஃபேனுக்குக் கீழேயும் வேண்டாம். ஹேர் டிரையர் தூசியையும் ஊதும், பிலிமையும் சுருட்டும். எனக்குச் சரிப்பட்டது குளியலறைதான். ஒரு வாளி வெந்நீரைத் தரையில் ஊற்றிக் கதவைச் சாத்தினால் ஆவியோடு தூசியும் அடங்கிவிடும். கால் மணி நேரம் கழித்துத் தொங்கவிட்டு, திரும்பக் கதவைச் சாத்திவிடுங்கள். 36 படம் உள்ள 35 மி.மீ. ரோல் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளும். கீழ் முனையிலும் ஒரு கனமான கிளிப் போடாவிட்டால் சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் வரும் தெருக்காரர்கள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். போர் தண்ணீர்க்காரர்கள் தங்கள் வாளியின் உள்பக்கத்தைப் பார்த்தால் போதும். அங்கே படிந்திருக்கும் அதே வெள்ளைதான் நெகட்டிவில் வானம் வரும் இடத்தில் வட்டம் வட்டமாக உட்காரும். கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவிடுங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும். கேட்கும்போது தண்ணீர் என்று அழுத்திச் சொல்லுங்கள், ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும்.

அந்தத் தண்ணீரில் ஃபோட்டோஃப்ளோ போன்ற வெட்டிங் ஏஜென்ட், அதாவது தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்தோட வைக்கும் திரவம், கலக்க வேண்டும். இங்கேதான் பலர் தாராள மனசைக் காட்டுகிறார்கள். அளவு 200-க்கு 1. அதாவது 300 மில்லிக்கு ஒன்றரை மில்லி. மூடியால் ஊற்றினால் பிலிமில் பிசுக்கு தங்கும். ஊசி போடும் சிரிஞ்சால் அளப்பதே நல்லது. பிலிமை டெவலப் செய்யும் டேங்க்கைக் குலுக்கி நுரை எழுப்பவும் கூடாது. டேங்க்குக்குள் பிலிமைச் சுற்றி வைக்கும் ரீலிலிருந்து அதைக் கழற்றி ஒரு குவளையில் முக்குவது இன்னும் மேல். பிளாஸ்டிக் ரீலில் அந்தப் பசை ஏறினால் அடுத்த ரோல் உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும்.

தண்ணீரை வழிப்பதற்கென்று ரப்பர் ஸ்குவீஜி விற்கிறார்கள். அதில் ஒரே ஒரு மணல் துகள் மாட்டினாலும் முதல் படத்திலிருந்து கடைசி வரை நேர்கோடு விழும். எனக்கு விழுந்திருக்கிறது. இப்போது நான் எதையும் வைத்து வழிப்பதில்லை, தானாகச் சொட்டட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

கலர் பிலிம் என்றால் சி-41 (கலர் நெகட்டிவ் டெவலப் செய்யும் முறை) கிட்டின் கடைசிக் கரைசலுக்குப் பிறகு தண்ணீரில் அலசாதீர்கள். அப்படியே தொங்கவிடுங்கள்.

எத்தனை மணி நேரம்? சாதாரண நாளில் மூன்று நான்கு மணி நேரம் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். தொட்டுப் பார்த்துவிட்டு அவசரமாக வெட்டி உறைக்குள் போட்டால், உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தில் ஒட்டும், பூஞ்சையும் பிடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு கறை தெரிந்தால் பிலிமை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளக்கும் பக்கம் என்றால் வாயால் ஊதி, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். மங்கலான பக்கம் என்றால் துடைக்கவே வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக ஊறவைத்து, ஃபோட்டோஃப்ளோவில் முக்கி, மறுபடி குளியலறையில் தொங்கவிட வேண்டியதுதான்.