மலை வீட்டுக்கு மரத்தரை: வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

ஊட்டி, குன்னூர் வீடுகளில் கால் சில்லிடாமல் இருக்க எஞ்சினியர்டு மரத்தரை (அடிப்பலகை மேல் அசல் மர அடுக்கை ஒட்டிச் செய்தது) நல்ல தேர்வு. ஆனால் கடையில் நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். மேலே இருக்கும் அசல் மர அடுக்கு 3 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் பின்னாளில் ஓரிரு முறை இழைத்துப் பாலிஷ் போடலாம். 1 மி.மீ. என்றால் அந்த வழியே கிடையாது. அடிப்பகுதி குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட்டாக இருக்கட்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் பட்டால் ஓரங்களில் உப்பும், காய்ந்தாலும் பழையபடி இறங்காது.

மலையில் பெரிய எதிரி தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஈரம்தான். இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளைச் சிமெண்ட் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, மூன்று நாள் விடுங்கள். அடியில் நீர் முத்துகள் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிப்போடுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் பதிப்பதைத் தவிர்ப்பதே நல்லது.

பலகைகளைப் பதிக்கப்போகும் அறையிலேயே பெட்டியோடு 3 நாள் படுக்கவையுங்கள். சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம். அதைச் சுவரடியில் பொருத்தும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும். ஆசாரி சுவரை முட்டப் பதித்தால், மழைக்காலத்தில் மரம் விரிந்து நடுவில் கூடாரம்போல் எழும்பும்.

குளியலறைக்கு மட்டும் டைல்ஸ்தான்.