ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைத் தொடாதீர்கள்: ஆல்டர்னேட்டர் மாற்றும்போது நடக்கும் தவறுகள்

வேலை தொடங்கும் முன் எர்த் வயரைக் கழற்ற வேண்டும், துருப்பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கக் கூடாது, பெல்ட் நம்பரைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. முதல் வண்டியிலேயே அவை தானாகப் புரிந்துவிடும். பழைய கார், டிராக்டர், படகு என்று ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்) மாற்றப் பழகுகிறவர்கள் செய்யும் வேறு சில தவறுகள் இருக்கின்றன. நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள்; ஆட்கள் மட்டும் புதுசு. அதில் ஒன்றைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டெர்மினலைக் கழற்றிச் சார்ஜ் பார்ப்பது

புது ஆல்டர்னேட்டரை மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலை உருவுவார்கள். இன்ஜின் நிற்கவில்லையா? "சார்ஜ் ஏறுது" என்று தீர்ப்பு. ஆல்டர்னேட்டருக்கு முன்பு இருந்த பழைய ஜெனரேட்டரான டைனமோ காலத்துப் பழக்கம் இது. டைனமோவுக்குள் டயோடு (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) கிடையாது, சுற்றும் பாகத்திலிருந்து கரண்டை எடுக்கும் கம்யூட்டேட்டரும் பிரஷ்ஷும்தான். அதனால் இந்த வேலையைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது. ஆல்டர்னேட்டர் பொறுக்காது.

ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரோட்டார் என்பது சுற்றும் மின்காந்தம். பேட்டரி 30, 40 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அதைப் பிரித்தால், வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் ரோட்டாருக்குப் போகும் கரண்டை வெட்டத்தான் செய்யும். ஆனால் ரோட்டாரின் காந்தம் அந்தக் கணமே அடங்காது. வேகமாக ஓடும் தண்ணீரைக் குழாயில் படக்கென்று அடைத்தால் குழாயே அதிருமே, அந்தக் கதைதான். 12 வோல்ட் வண்டியில் 80 வோல்ட்டைத் தாண்டியும் எழும்பும். அடங்குவதற்கு அரை விநாடிகூட ஆகாது, ஆனால் டயோடு சாக அது தாராளம். டயோடோடு போனாலும் பரவாயில்லை. எலக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியோ, படகு என்றால் ஜிபிஎஸ், தண்ணீர் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாமே அதே வயரில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. புதிய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் இந்த எழுச்சியை ஓரளவு அடக்கும் டயோடுகள் இருக்கும். பழைய வண்டிக்குக் கிடைக்கிற, யாரோ பிரித்துக் கோர்த்த ஆல்டர்னேட்டரில் என்ன டயோடு போட்டிருக்கிறார்கள் என்று எதை வைத்து நம்புவது?

சேதம் உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. ஆல்டர்னேட்டர் மாற்றியும் ஒரே ராத்திரியில் பேட்டரி இறங்கிவிடுகிறது என்று ஒரு டிராக்டர்காரர் வந்தார். மாட்டிய பையன் மேல் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. "டெர்மினலைக் கழட்டியே காட்டினான் அண்ணே, வண்டி நிக்கவே இல்ல" என்றார். எப்படி நிற்கும்? அது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் இன்ஜின். இழுத்து நிறுத்தும் கேபிள் வேறு. ஸ்டார்ட் ஆன பிறகு அதற்குக் கரண்டே தேவையில்லை. ஆல்டர்னேட்டரின் வயர் அத்தனையையும் பிடுங்கிப் போட்டாலும் ஓடும்! பிரித்துப் பார்த்தேன், ஒரு டயோடு ஷார்ட். ராத்திரியெல்லாம் பேட்டரிக் கரண்ட் அதன் வழியாகப் பின்னால் வந்து ரோட்டாரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்த பிறகும் டாஷ்போர்டில் சார்ஜ் லைட் மங்கலாக எரிந்ததாக அப்புறம் அவரே சொன்னார்.

பெட்ரோல் வண்டியில் மட்டும் இந்தச் சோதனை எதையாவது நிரூபிக்கிறதா? இக்னிஷன் காயிலுக்கு 3, 4 ஆம்பியர் போதும். பாதி செத்த ஆல்டர்னேட்டரும் அதைக் கொடுத்துவிடும். ஆக, நல்ல ஆல்டர்னேட்டரைக் கெடுக்கிற, கெட்டதை நல்லதென்று சொல்கிற ஒரு சோதனை.

படகில் இதே தவறு வேறு வேஷத்தில் வரும். இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே ஒரு சுழலும் சுவிட்ச்: ஒன்று, இரண்டு, இரண்டும் சேர்த்து, ஆஃப். இன்ஜின் ஓடும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஆஃப் வழியாகத் திருப்பினால், டெர்மினலைக் கழற்றியதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. 'இரண்டும்' வழியாகத்தான் திருப்ப வேண்டும். அதைவிட நல்லது, ஆல்டர்னேட்டர் வயரை சுவிட்சுக்கே கொண்டுபோகாமல், பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் வைத்து நேரே பேட்டரிக்குக் கொடுப்பது. சில சுவிட்சுகளில், பேட்டரி பிரியும் முன் ரோட்டார் கரண்டை வெட்டுவதற்கென்றே தனியாக இரண்டு முனைகள் இருக்கும். அதில் வயரே மாட்டாமல் விட்ட படகுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் நின்று கொஞ்ச நேரம் கழித்து, சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஓடவிட்டு 1500 ஆர்பிஎம் வாக்கில் பிடித்தால் பேட்டரி முனையிலேயே 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஹெட்லைட்டைப் போடுங்கள், லேசாக இறங்கி நிற்க வேண்டும், 13-க்குக் கீழே சரியக் கூடாது. அதே லோடில், மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய ஸ்டட்டிலும் இன்னொன்றை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு வயரில். கடைசியாக மீட்டரை ஏசிக்கு மாற்றி பேட்டரி முனையில் பாருங்கள். அங்கேயும் அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடைச் சந்தேகப்படலாம். டெர்மினலில் கை வைக்கவே வேண்டியதில்லை.

சார்ஜ் லைட்டை வெறும் லைட் என்று நினைப்பது

பழைய வகை ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில், ரோட்டாருக்கு முதல் கரண்ட் டாஷ்போர்டில் உள்ள அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் சார்ஜ் தொடங்காது, அல்லது நன்றாக ஆக்சிலரேட்டர் கொடுத்த பிறகுதான் தொடங்கும். புது ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகும் முன் சாவியைத் திருப்பிப் பாருங்கள், லைட் எரிகிறதா என்று. 2 வாட் பல்புக்குப் பதில் எல்இடி போட்டாலும் இதே தொல்லைதான், பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் சேர்க்க வேண்டும்.

டைனமோ வயரிலேயே ஆல்டர்னேட்டரை ஓட்டுவது

பழைய லூகாஸ் சி40 டைனமோ கொடுத்தது 22 ஆம்பியர். அதற்கென்று போட்ட வயர், அதற்கென்று வைத்த 30 ஆம்பியர் அம்மீட்டர். அந்த இடத்தில் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை வைத்துவிட்டு வயரை மறந்தால், டாஷ்போர்டுக்குப் பின்னால் புகை வரும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு தடிமனான வயர் இழுங்கள். தூரம் குறைவென்றால் 60 ஆம்பியருக்கு 10 சதுர மில்லிமீட்டர் போதும். அம்மீட்டரைக் கழற்றிவிட்டு வோல்ட்மீட்டர் வைப்பது நிம்மதி. பழைய ரெகுலேட்டர் பெட்டிக்கு இனி வேலையில்லை. அழகுக்கு வேண்டுமானால் இருக்கட்டும், உள்ளே தொடர்பு வேண்டாம்.

எர்த் எந்தப் பக்கம் என்று பார்க்காதது

1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் பாடி எர்த். பழைய 6 வோல்ட் டிராக்டர்கள் சிலவற்றிலும் அப்படியே. மைனஸ் எர்த் ஆல்டர்னேட்டரை அதில் மாட்டினால், பேட்டரி வயரை வைத்த நொடியிலேயே டயோடுகள் போய்விடும்.

இறங்கிப்போன பேட்டரியை ஆல்டர்னேட்டர் தலையில் கட்டுவது

சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டு மாட்டுங்கள்.

பெட்ரோல் படகில் கார் ஆல்டர்னேட்டர்

கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கி நிற்கும். கார் ஆல்டர்னேட்டரில் ரோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்லிப் ரிங்கில் பொறி திறந்த வெளியில் பறக்கும். பொறி வெளியே வராதபடி செய்த மரைன் வகை மட்டும்.

பெல்ட்டை வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டுவது

ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து போகும்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்குவது

பழைய டீசல் கார், வேன் சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் வாலிலேயே பிரேக்குக்கான வேக்கம் பம்ப் இருக்கும், ஆயில் குழாயோடு. முகப்பு ஒன்றுபோல இருக்கிறதே என்று பம்ப் இல்லாததை வாங்கி மாட்டியவரின் வண்டியில் சார்ஜ் பிரமாதமாக ஏறியது, பிரேக் பெடல்தான் கல்லாக நின்றது. இன்ஜின் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரின் வயர் மாட்டும் டபிள்யூ முனை இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். டிராக்டரிலும் படகிலும் பலருக்கு அது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. முனை இருந்தாலும் புல்லி அளவு மாறியிருந்தால் ஆர்பிஎம் தப்பாகக் காட்டும். பழைய புல்லி பொருந்தினால் அதையே கழற்றி மாட்டிவிடுங்கள்.